வால் வண்டிக்குப் பின்னால் வந்த கடல்

தை மாதம், பொங்கல் கழிந்த மறு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சிப்பித்துறைக் கடற்கரைச் சாலையைச் சுற்றிக்காட்டுகிற பேட்டரி ஸ்கூட்டர்கள் ஆறும் வரிசையாகப் போய்ப் பழைய சரக்குக் கிட்டங்கியின் முன்னால் நின்றபோது, ஏழாவதாகக் கடலும் வந்து நின்றது.

ஒரு முழ அகலம்தான். கணுக்கால்கூட முழுசாக நனையாத ஆழம். கரையை விட்டுப் பிரிந்து, மணலைத் தாண்டி, நடைபாதைக் கல்லின்மேல் நிறைமாதக்காரி படியேறுகிற நிதானத்தோடு ஏறி, தார்ச்சாலையின் வேகத்தடைகளில் ஏறி இறங்கி, பஸ்ஸுக்கு நின்றவர்களின் செருப்பு நனையாமல் ஒதுங்கி வளைந்து, கடைசி வண்டியின் பின்சக்கரத்துக்கு ஒரு கை தூரம் விட்டு அது நின்றது. உள்ளே இரண்டு மூன்று பொடி மீன்கள் அங்குமிங்கும் ஓடின.

முன்வண்டியில் இருந்த ஜெசிந்தா, ஆள் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பினாள். அவள்தான் வழிகாட்டி. இருபத்தாறு வயசு, வாயைத் திறந்தால் பாதி பேச்சும் பாதி சிரிப்புமாக வரும். தலைகளை எண்ணினாள், தண்ணீரையும் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த ஸ்பீக்கர் வழியே அவள் சொன்னது இவ்வளவுதான்: “வண்டிய யாரும் பின்னால எடுத்துராதீங்க, கால் நனஞ்சிரும்.”

கடைசி வண்டியை ஊரில் வால் வண்டி என்பார்கள். சிவப்புக் கொடி கட்டிய அந்த வண்டியைச் சுடலைமணி ஓட்டினார். மீன்பிடித் தொழிலை முதுகுவலிக்காக விட்டவர்.

“எப்ப இருந்துண்ணே வருது?” என்றாள் ஜெசிந்தா.

“ஐஸ் கம்பெனில இருந்தே வருது பிள்ள. போயிரும் போயிரும்னு நானும் பாத்தேன். நான் நின்னா நிக்கி, நான் போனா வருது. என் வீட்டுக்காரிகூட இப்படி என் பின்னால வந்தது கெடயாது.”

சுற்றுலா முடிந்து வண்டிகளைக் கொட்டகையில் சார்ஜுக்குப் போட்டதும் கடல் வந்த வழியே திரும்பிப் போனது. புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமையும் வந்தது.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. நாலு மணிக்கு வால் வண்டியின் கொடி தெரிந்ததும் டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு முன்னால் கால் வைக்கச் செங்கல் போட்டுவிடுவார். சுண்டல் விற்கிறவள் அடுப்பைத் தள்ளி வைத்துக்கொண்டு, அது கடந்து போனதும் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொள்வாள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டுவார்கள், தாண்டும்போது “பை” சொல்லுவார்கள். மினிபஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “கடலு, ஓரமாப் போ, ஓரமாப் போ” என்று கத்துவார், அதுவும் ஓரமாகப் போகும். படகுக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் பொறாமை. “எங்க வலைக்கு வராதது ஒன் வண்டிக்கு வருதே ஜெசி, என்ன மருந்து வச்ச?” என்பார்கள். அவர்களில் ஒருவர், வண்டியில் சத்தம் இல்லை, அதனால்தான் கூச்சப்படாமல் வருகிறது என்றார். அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. வெளியூர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லாருக்கும் வால் வண்டிக்கு முந்தின வண்டிதான் வேண்டும்.

மாசி பிறந்த அன்று காலையில் கிட்டங்கிக் காவலாளி கதவைத் திறக்க வந்தபோது, கடல் மூன்றாவது படியில் இருந்தது. வண்டி இல்லை, கொடி இல்லை, கூட்டிவர யாரும் இல்லை. தானே வந்து, நூல் பிடித்த மாதிரி மூன்றாவது படியின் விளிம்பில் நின்றது. நாலாவது படி காய்ந்து கிடந்தது.

ஊரே கூடி வேடிக்கை பார்த்தது. ஜெசிந்தாவும் மகள் டெல்ஃபியை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். அவள் சிரிப்பு அன்றைக்கு முதல் தடவையாகப் பாதியில் நின்றது. அவள் பக்கத்தில் வந்து சுடலைமணி குரலைத் தாழ்த்தினார்.

“மூணாவது படின்னு நீதானே சொன்ன.”

“எப்பண்ணே?”

“தெனமுந்தான் சொல்லுத.”

சொன்னாள்தான். சுற்றுலாக் கம்பெனிக்காரர்கள் மனப்பாடம் பண்ணக் கொடுத்த தாளில் வருஷங்களும் துரைமார் பெயர்களும் மட்டுமே இருந்தன. ஐப்பசியில் வேலைக்குச் சேர்ந்த புதுசில் அவள் அதை ஒப்பிக்க ஒப்பிக்க, வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். அவர்கள் முகம் வாடுவது பொறுக்காமல், ஒருநாள் கிட்டங்கி வாசலில், “இந்தா, இந்த மூணாவது படி தெரியுதா? ஒரு காலத்துல கடல் இது வரைக்கும் இருந்துச்சு. கப்பலுங்க இங்க வந்துதான் கயிறு கட்டும்” என்று எடுத்து விட்டாள். அத்தனை பேரும் படியைத் தொட்டுப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். யாருக்கு என்ன நஷ்டம்? மறுநாள் ஐஸ் கம்பெனியில், “இந்த ஜன்னல் வரைக்கும் கடல்” என்றாள். அதற்கடுத்து மீன் ஏலக்கூடத்தில் தூணைக் காட்டி, “இடுப்பளவுக்குக் கடல்” என்றாள். கடைசியில் வண்டிகள் திரும்புகிற சிலுவைத் தெரு முக்கில் நின்று, கையை நீட்டி, “அந்தா நீலக் கதவு, அது எங்க வீடு. அந்தக் காலத்துல அங்ககூட கடல்தான். நான் மீன் குடும்பமாக்கும்” என்பாள். அதற்குத்தான் எல்லாரும் அதிகம் சிரிப்பார்கள். அத்தனையும் ஸ்பீக்கரில், கடலுக்கு எதிரே நின்று, நாள் தவறாமல், நாலு மாசம்.

கேட்டுக்கொண்டிருந்தது கடல். நம்பியும் விட்டது.

அடுத்த வாரம் அது ஐஸ் கம்பெனி ஜன்னலுக்கு வந்தது. ஒரு விரற்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அங்கிருந்த காவலாளி அடுப்பையும் பாயையும் மொட்டை மாடிக்கு ஏற்றிக்கொண்டு, கயிற்றில் தூக்குச்சட்டியை இறக்கிச் சோறு வாங்கினார். அதற்கும் அடுத்த வாரம் ஏலக்கூடத்துக்கு வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி ஏலம் நடந்தது. ஏலம் கூறி முடிவதற்குள் சில சமயம் மீனே கூடையை விட்டு நீந்திப் போய்விடும், எடுத்தவர் கூறினவரைத் திட்டுவார். அப்போதும் ஊர் பழகிக்கொள்ளத்தான் பார்த்தது. பழகமுடியாத ஒன்றும் இருந்தது. ஏலக்கூடத்துத் தண்ணீர் சும்மா கிடக்கவில்லை. காற்றே இல்லாத மத்தியானத்தில்கூட அதன் மேல்பரப்பு முழுக்க ஒரே பக்கமாக, சிலுவைத் தெருவின் பக்கமாக, மடிப்பு மடிப்பாகச் சாய்ந்து நின்றது.

சுற்றுலாவை நிறுத்திப் பார்த்தார்கள். மூன்று நாள் வண்டி வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் கடல் கொட்டகைக்கு வந்து தகரக் கதவைத் தட்டியது. கோபமாக இல்லை, பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்க வந்து தட்டுகிற மாதிரி. தட்டிக்கொண்டே இருந்தது. வண்டியை எடுத்த பிறகுதான் நிறுத்தியது. அன்றிலிருந்து வெளியூர்க்காரர்கள் வந்தாலும் வராவிட்டாலும் நாலு மணிக்கு ஜெசிந்தா முன்னால் போனாள், சுடலைமணி வாலில் போனார்.

ஒருநாள் கிட்டங்கி வாசலில் வண்டியை நிறுத்தி, அவள் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

“இங்க பாரு. நான் சொன்னது பொய்யி. விளையாட்டுக்குச் சொன்னேன். நீ இங்கெல்லாம் இருந்ததே இல்ல. மன்னிச்சிட்டுப் போயிரு.”

தண்ணீருக்குள் ஓடிக்கொண்டிருந்த மீன்கள் நின்றன. அலை என்று ஒன்றுமே இல்லை. மறுநாள் விடிந்தபோது கடல் நாலாவது படியில் நின்றது. அதுவரைக்கும் தொடாதிருந்த இரும்புக் கதவு ஒரே ராத்திரியில் துருவேறி, கை வைத்ததும் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியது. தன்னுடையது என்று தெரிந்துகொண்ட ஒன்றை இல்லை என்று சொன்னால் அதற்குப் பொறுக்காது என்று எல்லாருக்கும் புரிந்தது.

ஜெசிந்தாவுக்கு அதற்கு மேலும் ஒன்று புரிந்தது. மிச்சம் இருப்பது நீலக் கதவுதான். அந்த வீட்டுக்கு மேல்தளம் போட்டு மூன்று மாசம்கூட ஆகவில்லை. அவள் புருஷன் அமலன் மாலத்தீவில் மூன்று வருஷம் கல்லும் சிமெண்டும் சுமந்த சுமைதான் அங்கே கூரையாகக் கிடந்தது. அவன் அதை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. போனில்தான் பார்த்தான். “தளத்துல ஒருதடவ நடந்து காட்டு” என்பான். அவள் நடந்து காட்டுவாள், டெல்ஃபி குதித்துக் காட்டுவாள்.

பங்குனி முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கடற்கரைச் சாலை வியாபாரிகள் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பேசியவர் லிங்கத்துரை அண்ணாச்சி. சாலையிலேயே பெரிய லாட்ஜ் அவருடையது.

“எம்மா, நடந்தது நடந்து போச்சு. ஒன்னைக் கொற சொல்லல. அது ஒன் பேச்சத்தான் கேக்குது, அப்ப ஒன் பேச்சாலதான் தீரணும். பொய்னு சொல்லாத, அதுக்குப் பிடிக்கல. ‘மத்த எடத்துக்கெல்லாம் நீ விருந்தாளியா வந்து போன, நீ குடியிருந்த வீடு இதுதான்’னு ஒரு எடத்தக் காட்டிரு. அங்க போய் அது ஒதுங்கிக்கிடும்.”

“எந்த எடத்த அண்ணாச்சி?”

அண்ணாச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே, “உப்பளத்துக் குடியிருப்பு இருக்கில்லா” என்றார். “பள்ளமான எடம். நாப்பது வீடு. அவங்களுக்கு உப்புத்தண்ணி பழக்கந்தான.”

யாரோ ஃபேனைக் கூட்டி வைத்தார்கள்.

“நான் வேணா என் வீட்டக் காட்டிரவா?” என்றாள் ஜெசிந்தா, சிரித்தபடி. அந்தச் சிரிப்பை எதில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை.

“பைத்தியக்காரி மாதிரிப் பேசாத. சிமெண்டுகூட ஈரம் காயல. நாளைக்கு நாலு மணிக்கு. நாங்க கார்ல பின்னால வருவோம்.”

திங்கட்கிழமை அவள் சீக்கிரமே சமைத்தாள். ரேஷன் கார்டு, டெல்ஃபியின் ஞானஸ்நானச் சீட்டு, நாலு சேலை, பருப்பு டப்பா, குக்கர் வெயிட் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மூட்டையை வண்டியின் கைப்பிடியில் மாட்டி, மகளைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவே நிற்க வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

கிட்டங்கியிலிருந்து கடல் பிரிந்து வந்தது, ஐஸ் கம்பெனியிலிருந்து வந்தது, ஏலக்கூடத்திலிருந்து வந்தது. முழ அகலமாக வந்துகொண்டிருந்த அது அன்றைக்குச் சாலை அகலத்துக்கு இருந்தது. வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. சிலுவைத் தெரு முக்கில் வலப்பக்கம் திரும்பாமல் அவள் நேராக உப்பளத்து மண்சாலையில் போனாள், அதுவும் சத்தமில்லாமல் பின்னால் போனது.

வரப்பின் மேல் பெண்கள் நின்றிருந்தார்கள். உப்பு வாருகிற நீளக் கட்டைகள் அவர்கள் கையில் இருந்தன. அவர்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவர்கள் கால் பாத்திகளிலேயே கிடப்பதால் தண்ணீர் எந்தப் பக்கம் நினைக்கிறது என்று தெரிந்துவிடும். முன்னால் நின்றவள் செல்லக்கனி. பாத்தியில் நின்று நின்று பாதம் வெளுத்தவள்.

“ஏட்டி, யாரக் கூட்டிட்டு வந்திருக்க?” என்றாள் செல்லக்கனி. “சாயா போடட்டா, இல்ல மோரு குடிக்குமா?”

ஜெசிந்தா வண்டியை நிறுத்தினாள். ஸ்பீக்கர் இடுப்பில் கனத்தது.

“எக்கா, இத எங்கயாச்சும் விடணும்.”

“விடு. யாரு வேண்டாம்னா? அந்தா வரிசையா இருக்கு பாரு, நாப்பது வீடு. ஓல வீடு பத்து, ஓட்டு வீடு முப்பது. மூணாவது வீட்டுல என் மருமக பிள்ள பெத்துப் பத்து நாளு. முதல்ல எத காட்டப் போற? சொன்னா பாயச் சுருட்டிருவோம்.”

குரலில் அழுகை இல்லை. கட்டையை ஊன்றி, கடைக்காரியிடம் அளவு கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பின்னால் தூரத்தில் அண்ணாச்சியின் கார் ஹாரன் அடித்தது. கடல், வால் வண்டியின் கொடிக்குப் பின்னால், கேட்பதற்கு வாகாக உயர்ந்து நின்றது. சுடலைமணியின் முழங்கால் வரைக்கும் வந்திருந்தது.

“பிள்ள,” என்றார் அவர், “எதுன்னாலும் சீக்கிரம் சொல்லு. இது மூச்சு விடுத மாதிரி இருக்கு.”

ஜெசிந்தா குழந்தையின் தலைக்கு மேலாக நாற்பது வீட்டையும் பார்த்தாள். பிறகு ஹேண்டிலைத் திருப்பினாள். அகலமில்லாத அந்த மண்சாலையில் அவளும் சுடலைமணியும் வளைந்து திரும்ப, கடல் தயங்கியது, தயங்கி, தன்மேலேயே மடிந்து, வழி விட்டது. அவர்கள் அதன் நடுவே போனார்கள். அது அப்படியே சுழன்று பின்தொடர்ந்தது. எதிரே வந்த அண்ணாச்சியின் கார் ரிவர்ஸில் அலறிக்கொண்டு ஓடி, சாக்கடையில் ஒரு சக்கரத்தை விட்டது.

சிலுவைத் தெருவில் பதினெட்டாம் எண் வீட்டு வாசலில் அவள் இறங்கினாள். நீலக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள். மைக்கை வாயருகே கொண்டுபோய், வெளியூர்க்காரர்களிடம் பேசுகிற அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னாள்:

“கிட்டங்கிக்கு நீ விருந்தாளியா வந்த. ஐஸ் கம்பெனிக்கும் ஏலக்கூடத்துக்கும் விருந்தாளியா வந்த. நீ குடியிருந்தது இங்க. இந்த நாலு சுவத்துக்குள்ள. இதுக்கு முன்னாலயும் பின்னாலயும் இங்க வேற யாரும் இருந்தது இல்ல.”

கடல் ஒரு நிமிஷம் வாசற்படியை மோந்தது. பிறகு உள்ளே போனது. அடுக்களையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது, கட்டில் மிதந்து சுவரில் இடிக்கிற சத்தம் கேட்டது, மேல்தளத்தில் போய் அது முட்டி நிற்கிறது என்று தெரிந்தது. கதவு இருந்த இடத்தில் கண்ணாடி வைத்த மாதிரி தண்ணீர் நெட்டுக்குத்தாக நின்றது. ஒரு சொட்டு தெருவில் வழியவில்லை. கிட்டங்கிப் படிகள் அன்றைக்கே காய்ந்தன.

ஊர் நிம்மதியாக மூச்சுவிட்டது. மூச்சுவிட்ட கையோடு பயமும் பட்டது, ஏனென்றால் உள்ளே இருப்பது கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் யாரோ இருந்தார்கள் என்று ஒரு வார்த்தை அதன் காதில் விழுந்தால், தனக்கு இல்லாததைத் தனது என்று மறுபடியும் ஏமாற்றிக் கொடுத்தார்கள் என்று அதற்குத் தெரிந்துபோகும். அதனால் சிலுவைத் தெருவில் பதினேழுக்கு அடுத்தது பத்தொன்பது ஆனது. தபால்காரர் அந்த வாசலில் சைக்கிளை விட்டு இறங்கி, பெல்லடிக்காமல் உருட்டிக்கொண்டு போனார். கோயில் குடும்பப் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒட்டப்பட்டது. ஜெசிந்தா வீடு என்று பழக்கத்தில் சொல்ல வாயெடுத்த பெண்ணைப் பக்கத்துக்காரி தொடையில் கிள்ளினாள். பிறகு, எது எங்கே போய் முட்டும் என்று தெரியாததால், அந்தக் காலத்தில் அங்கே அது இருந்தது, இங்கே இவர் இருந்தார் என்கிற பேச்சையே ஊர் விட்டுவிட்டது. டீக்கடையில் யாராவது பழைய கதையை ஆரம்பித்தால் வாயில் வடையைத் திணித்தார்கள். வரலாற்று வாத்தியார் கதவைச் சாத்திக்கொண்டு கரும்பலகையில் எழுதிக் காட்டி உடனே அழித்தார். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி ஏற்றினவர்கள் பேரை உதட்டைத் தாண்டி விடவில்லை. கொஞ்ச நாளில் சிலருக்கு, யாருக்கு ஏற்றுகிறோம் என்பதே மறந்துபோனது. லிங்கத்துரை அண்ணாச்சி ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். எதற்கு என்று கொண்டுவந்தவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

செல்லக்கனி தன் வீட்டுக்குப் பக்கத்துக் குடிசையை அவளுக்குக் காலி பண்ணிக் கொடுத்தாள். ஜெசிந்தா உப்பு வாரப் பழகினாள். வாருகிறபோதும் பாதி பேச்சும் பாதி சிரிப்புமாகத்தான் இருந்தாள். மாலத்தீவிலிருந்து அமலன் கூப்பிட்டு, “தளத்துல நடந்து காட்டு” என்றபோது, பக்கத்து வாய்க்காலில் கடல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. “சிக்னல் இல்லைங்க” என்று வைத்துவிட்டாள். நாலு தடவை அப்படி வைத்தாள். ஐந்தாவது தடவை, புரட்டாசியில் ஊருக்கு வருகிறேன் என்று செய்தி அனுப்பினான். வந்து நடுத்தெருவில் நின்று எங்கே என் வீடு என்று அவன் கேட்கப்போகிற நாளை ஊர் முழுக்க மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாராமல் நடந்தது.

ஆவணியில் ஒரு காலை. பாத்திக்கு வாய்க்காலைத் திறந்துவிட்டிருந்தார்கள். வரப்பில் உட்கார்ந்து காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்த டெல்ஃபி நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

“அம்மா, நம்ம மாடி வீடு எங்கம்மா இருந்துச்சு?”

வாய்க்கால் நின்றது. மடை திறந்தே கிடக்க, தண்ணீர் மடை வாயில் அப்படியே நின்றது. கட்டைகள் நின்றன. செல்லக்கனி, மருமகள் இடுப்பிலிருந்த கைக்குழந்தையைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டு மேட்டுப் பக்கம் இரண்டடி வைத்தாள்.

“நமக்கு ஏதுடி மாடி வீடு?” என்றாள் ஜெசிந்தா. சிரிக்கவும் செய்தாள். “கனவு கண்டியா? நாம எப்பவும் இங்கதான.”

தண்ணீர் நகரவில்லை. பெரியவர்கள் சொல்வதை அது போதுமான அளவு கேட்டிருந்தது. குழந்தையின் பக்கமாக மடிப்பு மடிப்பாகச் சாய்ந்து, அவள் பாதத்தைச் சுற்றி நின்று, காத்திருந்தது.

டெல்ஃபி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கிற வாயைப் பார்த்தாள். அதற்கு மேலே இருந்த கண்ணையும் பார்த்தாள். நாலு வயசுதான், ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து, தண்ணீரிடமே சொன்னாள்:

“எனக்கு வீடே இருந்ததில்ல.”

மடை வாயில் தண்ணீர் மெல்ல அசைந்து, பாத்திக்குள் இறங்கத் தொடங்கியது.